பேச்சி டிவி டாக்டர்

பேச்சி டிவிய ஏன் விட்டீங்கன்னு நேராக் கேட்டுட்டீங்க அண்ணாச்சி. நல்லது. சுத்தி வளைச்சுக் கேக்குதவங்கள எனக்குப் பிடிக்காது. நானும் நேராச் சொல்லிருதேன். கேட்டுட்டு உங்க சேனலுக்கு என்னை வச்சுக்கிட்டாலும் சரி, இந்த டீயோட அனுப்பி வச்சாலும் சரி. சீனி கொஞ்சம் தூக்கல்தான். பரவால்ல, குடிச்சுக்கிடுதேன்.

முதல்லயே ஒண்ணு. எனக்குப் பொறாமைங்கதே கிடையாது. எங்க வீட்டுல ஆவுடை, என் சம்சாரம், அவ வேற மாதிரி சொல்லுவா. 'உங்களுக்கு வயித்தெரிச்சல், பானை மோர் குடிச்சாலும் அடங்காது'ன்னு சொல்லுவா. அவளுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்? ரிமோட்டுக்கே பேட்டரிய மாத்திப் போடத் தெரியாது. பேட்டரின்னதும் ஞாபகம் வருது, அது ஒரு தனிக் கதை, அதுக்கு வாரேன்.

பேச்சிமுத்து மொதலாளிய உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க பக்கம் பதினாலு கிராமத்துக்கு அவரு கேபிள்தான். பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ஜவுளிக்கடை விளம்பரம், சாயங்காலம் பழைய பாட்டு. வருசத்துல ஒரு நாள், சித்திரை மாசம், பேச்சியம்மன் கோயில் கொடைத் திருவிழாவ நேரடியாப் போடுவோம். மதியக் கொடை, அதான் உச்சிப் பூசை. எந்திரிச்சு வர முடியாமக் கட்டில்ல கெடக்குத ஆளுக எல்லாம் அன்னைக்கு எங்க டிவியப் பாத்துத்தான் கையெடுத்துக் கும்பிடும். அன்னைக்கு மட்டும் படம் நின்னுச்சுன்னா மொதலாளி ஊருக்குள்ள தலை காட்ட முடியாது.

இம்புட்டும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல ஓடுது அண்ணாச்சி. நான் அசெம்பிள் பண்ணது. பதிமூணு வருசத்துக்கு முந்தி. உள்ள நாலு ஹார்ட் டிஸ்க். எண்பது ஜிபி, நூத்தறுபது, ஐந்நூறு, அப்புறம் ஆயிரம் ஒண்ணு. விண்டோஸ் எக்ஸ்பி. சிரிக்காதீங்க. இந்தக் காலத்துல எவன் எக்ஸ்பி வச்சிருக்கான்னு எல்லாரும்தான் கேக்குதாங்க. கேமராவுல இருந்து படத்தை உள்ள இழுக்க ஒரு கார்டு இருக்குல்லா, அது எக்ஸ்பில மட்டுந்தான் வேலை பாக்கும். புது விண்டோஸ் போட்டா அந்தக் கார்டைத் திரும்பிக்கூடப் பாக்காது. அதனால அந்த மெஷினை அப்பிடியே கட்டிக் காப்பாத்தணும். காப்பாத்துனேன்.

என் கடை ரெண்டு தெரு தள்ளி. மெஷின் மாசத்துக்கு மூணு நாலு தடவை நிக்கும். நின்னா எனக்குப் போன் வரும். எங்க இருந்தாலும் வரும். என் தங்கச்சி கல்யாணத்துல தாலி கட்டப் போற நேரத்துல வந்துச்சு. சலூன்ல ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் வெட்டாம இருக்கையில வந்துச்சு, அப்பிடியே ஓடுனேன். ஆவுடைக்குப் பிரசவ வலி வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கேன், அப்பவும் வந்துச்சு. போனேன். போயிட்டு வரதுக்குள்ள பையன் பொறந்துட்டான். ஆவுடை இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. 'சே, நிம்மதியா ஒரு வாய் சோறு திங்க விடுதானா'ன்னு நானும் எல்லார்ட்டயும் சலிச்சுக்கிடுவேன். ஆனா உங்கட்டச் சொல்லுததுக்கு என்ன, பத்து நாள் சேந்தாப்புல அது நிக்காம ஓடுச்சுன்னா எனக்குத்தான் உடம்பு ஒரு மாதிரியா இருக்கும்.

மொதலாளி என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரு. 'டாக்டரக் கூப்பிடு'ம்பாரு. நான் உள்ள நுழைஞ்சதும், 'வழிய விடுங்கல, டாக்டரு வந்தாச்சு'ம்பாரு. அது அப்பிடியே ஊருக்குள்ள பரவிருச்சு. பால்காரன் டாக்டர் வீடும்பான். கரண்டு பில்லு எடுக்க வாரவன் டாக்டரேம்பான். ஒரு தடவை பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் காய்ச்சல்ல கெடந்த பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டான். சங்கரநயினார்னு எங்கப்பா ஆசையா வச்ச பேரு எனக்கே மறந்து போற அளவுக்கு டாக்டரு.

எதையும் எழுதி வைக்க மாட்டேன் அண்ணாச்சி. எல்லாம் இங்ஙன, மண்டைக்குள்ள. எழுதி வச்சா கண்டவனும் எடுத்துப் பாத்துட்டு நானும் டாக்டருன்னு கிளம்பிருவான்.

அப்பந்தான் அந்தப் பிள்ள வந்தா.

தை மாசம். எப்சிபான்னு பேரு. பாளையங்கோட்டைல டிப்ளமோ முடிச்சவ, இருபத்துநாலு வயசு இருக்கும். விளம்பரம் வெட்டி ஒட்டவும், கீழ ஓடுத எழுத்தை அடிக்கவும் மொதலாளி வேலைக்கு வச்சாரு. சத்தமே இருக்காது. டிபன் டப்பா, தண்ணி பாட்டில், ஒரு நோட்டு. முத நாளு என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னா. 'வணக்கம்ணே, நீங்கதான் டாக்டரா? மொதலாளி சொன்னாங்க'ன்னா. அதுல ஒரு நக்கல் இருந்துச்சு பாத்துக்கிடுங்க. ஆவுடை கேட்டா, 'எந்திரிச்சு நின்னு வணக்கம் சொன்னதுல என்ன நக்கலு'ன்னு. கேட்டவனுக்குத்தான தெரியும்?

வந்த வாரமே பெட்டியத் தொறந்து தூசி தட்டிட்டா. ஃபேன மாத்திட்டா. அப்புறம் என்ன செஞ்சா தெரியுமா? போர்டுல ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும்லா, கைக்கடிகாரத்துல போடுதது மாதிரி, அதைக் கழட்டிட்டு புதுசு போட்டா.

அவ்வளவுதான். மெஷின் நிக்கதே நின்னுபோச்சு.

அந்தப் பேட்டரி தீந்து போச்சுன்னா, கரண்டு போயிட்டு வரும்போது தேதி, நேரம், எந்த டிஸ்க்கு முதல்லங்கது எல்லாத்தையும் மெஷின் மறந்துரும். எனக்குத் தெரியாதா? தெரியும். நான் ஒவ்வொரு தடவையும் போயி எல்லாத்தையும் கையால மறுபடி போட்டுக் குடுப்பேன். அது ஒரு வேலை. அதுல ஒரு பக்குவம் இருக்கு. அதை விட்டுட்டுப் பேட்டரிய மாத்திட்டா முடிஞ்சு போச்சாம்! இது எந்த ஊர் நியாயம்?

தை போச்சு, மாசி போச்சு. போன் வரல. ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்து ஆவுடை போன்ல இருந்து என் போனுக்கு அடிக்கச் சொன்னேன். நல்லாத்தான் அடிச்சுது. 'யாரு போனை எதிர்பாக்கீங்க'ன்னு கேட்டா. ஒண்ணும் இல்லன்னுட்டேன். சாப்பிடும்போது பக்கத்துல வச்சுக்கிடுவேன். குளிக்கப் போனா ஜன்னல் திண்டுல வச்சுக்கிடுவேன்.

நானாப் போயிப் பாக்கது உண்டு. போனா மொதலாளி, 'வாரும் டாக்டரே, உக்காரும், டீ சாப்பிடும்'பாரு. மெஷின் எப்பிடி ஓடுதுன்னு கேட்டா, 'அது பாட்டுக்கு ஓடுது, அந்தப் பிள்ள பாத்துக்கிடுது, நீரு கொஞ்சம் உடம்பப் பாத்துக்கிடும்'னு சொல்லுவாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குல்லா தெரியும்.

பங்குனில ஒரு நாள் நான் போயிருக்கையில அவ கேட்டா. 'அண்ணே, இந்த எண்பது ஜிபி டிக்கு டிக்குன்னு சத்தம் போடுதே. சாகப் போற டிஸ்க்கு மாதிரி இருக்கு. இதுல முக்கியமா என்ன இருக்கு?'

நான் டீயக் குடிச்சிக்கிட்டே சொன்னேன், 'ஒண்ணும் இல்லம்மா, பழைய பாட்டு. சும்மா கெடக்கு.'

அதை நோட்டுல எழுதிக்கிட்டா. தேதி போட்டு. 'நயினார் அண்ணன் சொன்னது'ன்னு வேற எழுதுனா. எனக்கு அப்பவே பிடிக்கல.

கொடைக்கு நாலு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை. பாட்டை எல்லாம் பெரிய டிஸ்க்குக்கு மாத்திட்டு, அந்த எண்பதக் கழட்டிட்டா. நான் சும்மா கெடக்குன்னு சொன்னேன்ல, அதை நம்பி. பெட்டியப் போட்டா, கருப்புத் திரை. 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்'. விண்டோஸ் எழும்பவே இல்ல.

எனக்குப் போன் வந்துச்சு.

குளிச்சிக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. 'டாக்டரே, எங்க இருக்கீரு, ஓடி வாரும், மெஷின் செத்துப்போச்சு'ன்னு மொதலாளி கத்துதாரு. தலைல சோப்பு. அப்பிடியே தண்ணிய ஊத்திட்டு, சட்டைய ஈரத்தோட மாட்டிக்கிட்டு ஓடுனேன். உள்ளதச் சொல்லணும், எனக்கு அவ்வளவு சந்தோசம். தெருவுல போறவன் வாறவன் எல்லாம் 'என்ன டாக்டரே அவசரமா'ன்னு கேக்கான். 'சேனலு நின்னுபோச்சு'ன்னு சொல்லிக்கிட்டே போறேன். சிரிச்ச முகமா இருந்திருப்பேன் போல. டீக்கடை முருகையா பெறகு கேட்டாரு, 'நின்னுபோச்சுன்னு சொல்லிட்டு ஏன்வே சிரிச்சிட்டுப் போனீரு'ன்னு.

உள்ள போனா அந்தப் பிள்ள முகம் வெளிறிப்போயி நிக்கா. 'அண்ணே, எண்பதக் கழட்டுனேன், அதுக்கப்புறந்தான்...'ன்னு ஆரம்பிச்சா. 'தள்ளி நில்லும்மா'ன்னேன். டிஸ்க்கைக் கழட்டுனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நீ வேற எதையோ தட்டியிருக்கன்னு சொல்லிட்டேன். மொதலாளி முன்னாடிதான் சொன்னேன். அவ நோட்ட எடுத்துக்கிட்டு மூலைக்குப் போயிட்டா.

எக்ஸ்பி சிடியப் போட்டேன். ரிப்பேர் பண்ணுதேன்னு உள்ள போனா, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேக்குது.

யாரு வச்சது? நான்தான். எப்ப? பதிமூணு வருசத்துக்கு முந்தி.

மொதலாளி பேரப் போட்டுப் பாத்தேன். இல்ல. பேச்சியம்மன். இல்ல. எங்கப்பா பேரு, தங்கச்சி பேரு, நான் படிச்ச பள்ளிக்கூடம், முதல்ல வாங்குன பைக் நம்பரு. ஆவுடை பேரப் போட்டேன். அதுவும் இல்ல. இதை ஆவுடைட்டச் சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க. வெள்ளி போச்சு, சனி மத்தியானம் வரைக்கும் போச்சு. டிவில வெறும் நீலம். பதினாலு கிராமத்துல இருந்தும் மொதலாளிக்குப் போன் மேல போன். அவரு என் பின்னாடியே நின்னுக்கிட்டு, 'டாக்டரே, செவ்வாக்கிழமை கொடை, மறந்துராதீரும்'ங்காரு. ஏறிட்டுப் பாக்கேன், அந்தப் பிள்ள மூலைல உக்காந்து நோட்டப் புரட்டிக்கிட்டு இருக்கா. பயத்துல இருக்கான்னு நெனச்சேன். அவ யோசிச்சிக்கிட்டு இருந்திருக்கா.

சனிக்கிழமை ரெண்டு மணி இருக்கும். மெதுவா எந்திரிச்சு வந்தா. 'அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? முதமுதல்ல எக்ஸ்பி போடும்போது நாலு டிஸ்க்கும் மாட்டித்தான இருந்துச்சு?'

ஆமான்னேன்.

'அப்ப விண்டோஸ் குடியிருக்கது நூத்தறுபதுல. ஆனா வாசக்கதவுச் சாவி எண்பதுல கெடக்குண்ணே. எது முத டிஸ்க்கோ அதுலதான் அது சாவிய வைக்கும். நான் எண்பதத் தூக்குனதும் வாசலத் தொறக்க முடியல. அதைத் திருப்பி மாட்டுனாப் போதும்'னா. மாட்டுனா. பெட்டியப் போட்டா. எக்ஸ்பி எழும்பிருச்சு. அந்தப் பச்சப் புல்லும் நீல வானமும் வந்து நிக்குது.

'இன்ஸ்டால் பண்ணும்போது மத்த மூணையும் கழட்டி வச்சிருந்தா இந்தக் கொழப்பம் வந்திருக்காதுண்ணே'ன்னு சொன்னா. மெதுவாத்தான் சொன்னா. ஆனா சொன்னா.

எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? கழட்டணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆனா அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? நாலு டிஸ்க்கையும் மாட்டி, மூடிய வச்சு திருகாணி போட்டு, இனிமே விண்டோஸ் போடணும், அதுக்குள்ள மொதலாளி பூசாரியக் கூட்டிட்டு வந்துட்டாரு. நல்ல நேரம் முடியப்போகுதாம். பெட்டிக்கு மாலை போட்டு, மூடியும் பெட்டியும் சேருத இடத்துல நீளமாச் சந்தனத்தப் பூசி, நடுவுல குங்குமம். தேங்கா ஒடச்சாச்சு. நான் திருப்புளிய எடுத்ததும் மொதலாளி கையப் பிடிச்சுட்டாரு. 'பொட்டு வச்ச பெட்டியத் தொறக்கக் கூடாதுவே, ஒரு மண்டலம் போகட்டும்'னுட்டாரு. அப்பிடியே சிடியப் போட்டு ஏத்திட்டேன். பெறகு ஒரு மண்டலமும் போச்சு, பதிமூணு வருசமும் போச்சு, நான் மறந்தே போயிட்டேன். அவ சொன்னப்பந்தான் அந்தச் சந்தன வாசமே எனக்கு வந்துச்சு.

மொதலாளிக்கும் ஞாபகம் வந்துருச்சு. விழுந்து விழுந்து சிரிக்காரு. 'ஏ, அது என் தப்புல்லா, நான்தான் தொறக்க விடல, பாவம் டாக்டரத் திட்டாத பிள்ள'ங்காரு. அவ எங்க திட்டுனா? அப்புறம் என் தோள்ல கையப் போட்டாரு. எல்லார் முன்னாடியும் சொல்லுதாரு, 'இனிமே நமக்கு ரெண்டு டாக்டரு. இவரு பெரிய டாக்டரு, இவ சின்ன டாக்டரு.'

பெரிய டாக்டருன்னா என்ன அர்த்தம் அண்ணாச்சி? வயசாயிப் போச்சு, ஓரமா உக்காருன்னு அர்த்தம். பதிமூணு வருசமா ஒத்தை டாக்டரு. அதுல பாதியப் பிச்சு நேத்து வந்தவ கையில குடுத்துட்டாரு. அந்தப் பேரு ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. எனக்கு நெஞ்சு எரியுது. கண்ணுல தண்ணி வந்துரும் போல இருக்கு. 'சோலி இருக்கு'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். 'அண்ணே, இன்னும் ஒரு வேலை இருக்கு, நீங்களும் கூட இருந்தா நல்லது'ன்னு அவ பின்னாடியே வாசல் வரைக்கும் வந்தா. நான் திரும்பிப் பாக்கல.

ஞாயிறு, திங்க, ரெண்டு நாளும் வீட்டுல படுத்தே கெடந்தேன். 'பொறாமைல படுத்திருக்கீங்க'ன்னா ஆவுடை. காய்ச்சல்னேன். தொட்டுப் பாத்துட்டு, 'பச்சத் தண்ணியா இருக்கு'ன்னுட்டுப் போயிட்டா.

செவ்வாக்கிழமை. கொடை. இந்த இடத்துல நான் ஒண்ணு செஞ்சேன், அதையும் மறைக்கல. என்ட்ட ஆபீஸ் சாவி ஒண்ணு உண்டு. காலைல எட்டு மணிக்கு எல்லாரும் கேமரா, வயரு, ஏணி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டாங்க. மெஷினைப் பதினோரு மணிக்குத்தான் போடுவாங்க. நான் உள்ள போனேன். மூடியக் கழட்டுனேன். டிஸ்க்குக்குப் போற சிவப்பு வயரு இருக்குல்லா, எண்பதோடத நூத்தறுபதுக்கும், நூத்தறுபதோடத எண்பதுக்கும் மாத்திச் சொருகுனேன். முத டிஸ்க்கு மாறிப்போச்சுன்னா மெஷினுக்கு வாசல் தெரியாது. மூடிய மாட்டிட்டு வந்துட்டேன்.

ஒடைக்கல அண்ணாச்சி. ஒரு எழுத்துக்கூட அழிக்கல. ரெண்டே ரெண்டு வயரு. பதினோரு மணிக்குப் போடுவாங்க, ஓடாது. பதினொண்ணு அஞ்சுக்குப் போன் வரும். பதினொண்ணு பத்துக்கு நான் வந்து நிப்பேன். 'வழிய விடுங்கல, டாக்டரு வந்தாச்சு'. பதினொண்ணேகாலுக்குப் படம் வந்துரும். மதியக் கொடை பன்னெண்டுக்கு. யாருக்கு என்ன நட்டம்? அவளுக்கும் ஒரு பாடம். ஆயிரம் நோட்டுல எழுதுனாலும் அனுபவம்னு ஒண்ணு இருக்குல்லா.

தேச்ச சட்டையப் போட்டுக்கிட்டு ஆபீசுக்கு எதுத்தாப்புல முருகையா டீக்கடைல வந்து உக்காந்தேன். போனை மேசை மேல எடுத்து வச்சேன். 'கொடையும் அதுவுமா இங்ஙன என்னவே உக்காந்திருக்கீரு, கோயிலுக்குப் போகலியா'ன்னாரு முருகையா. அவசரம்னா கூப்பிடுவாங்கன்னேன். பதினொண்ணாச்சு. எப்சிபா கோயில்ல இருந்து வேகமா வந்து ஆபீசுக்குள்ள போறா. நான் போனையே பாக்கேன். பதினொண்ணு அஞ்சு. பத்து. இருபது. சத்தம் இல்லாம வச்சுட்டேனான்னு எடுத்துப் பாத்தேன். இல்ல, நல்லாத்தான் இருக்கு.

பதினொண்ணரைக்கு முருகையா டிவியப் போட்டாரு. அம்மன் நிக்கா. மஞ்சக் காப்பும் செவ்வரளி மாலையுமா, கண்ணாடி மாதிரித் தெளிவா. வில்லுப்பாட்டுச் சத்தம் கணீர்னு வருது. கடைல இருந்த அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. எனக்குக் கும்பிடத் தோணல. எப்பிடி ஓடுது, எப்பிடி ஓடுதுன்னு அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள. நான் பண்ண தப்பு, சாமி குத்தம், அதெல்லாம் அப்பறம். ஓடுதே! நான் இல்லாம ஓடுதே!

ஒண்ணரை மணிக்குப் போன் அடிச்சுச்சு. மொதலாளி. மூணு தடவை அடிக்க விட்டுத்தான் எடுத்தேன்.

'டாக்டரே, எங்க இருக்கீரு? கோயில்ல ஆளையே காணோம்? பாத்தீரா, ஒரு சொட்டுத் தடங்கல் இல்ல!'

பாத்தேன்னேன்.

'காலைல என்ன ஆச்சு தெரியுமா? மூடி சரியா ஒக்காரலன்னு அந்தப் பிள்ள தொறந்து பாத்திருக்கு. உள்ள வயரு மாறிக் கெடந்துச்சாம். ஆனாலும் மெஷின் ஓடிருச்சு. ரெண்டு டிஸ்க்குலயும் அந்தச் சாவிய வச்சுட்டாளாம்லா. உம்மளக் கூட இருக்கச் சொன்னாளே, அந்த வேலைதான். எந்த டிஸ்க்கு முதல்ல வந்தாலும் எழும்பிக்கிடுமாம்.'

'வயரு எப்பிடி மாறுச்சாம்?'னு கேட்டேன்.

'நானும் கேட்டேன். எலி இழுத்திருக்கும்னு சொல்லிட்டா. சிரிச்சிக்கிட்டே சொல்லுதா. அதை விடும். சாமிக்குப் போட்ட படப்புச் சோறு எடுத்து வச்சிருக்கு. அவ சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ள, அவ சாப்பிட மாட்டா, ஆனா பெரிய டாக்டருக்குன்னு அவளே எலையில மடிச்சு வச்சிருக்கா. நீரு வந்தாத்தான் நாங்க எலையப் போடுவோம். சீக்கிரம் வாரும்.'

எலின்னா சொன்னா? எலி! எலிக்கு எங்கயாவது எண்பதுல இருக்கதப் பிடுங்கி நூத்தறுபதுல சொருகத் தெரியுமா? என்ன ஏத்தம் பாத்தீங்களா? பதிமூணு வருசம் அந்த மெஷினுக்கு உசிரு குடுத்தவன, எலின்னுட்டா. சொல்லணும்னா நேராச் சொல்லியிருக்கலாம்ல, அண்ணந்தான் மாத்திருக்காருன்னு? மொதலாளி என்னைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டிருப்பாரு. நானும் பதில் சொல்லியிருப்பேன். அதைச் செய்யல. ஆவுடை என்ன சொல்லுதா தெரியுமா? 'உங்க மானத்தக் காப்பாத்தத்தான் அந்தப் பிள்ள எலின்னு சொல்லிருக்கு'ங்கா. இவளும் அந்தக் கட்சில சேந்துட்டா.

நான் போகல. ஆபீஸ் சாவிய முருகையாட்டக் குடுத்து மொதலாளிட்டச் சேத்துரச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ஆவுடைதான் பையனைக் கூட்டிட்டுப் போயி அந்தச் சோத்த வாங்கிட்டு வந்தா. நல்லா இருந்துச்சுன்னு ரெண்டு பேரும் வழிச்சுத் தின்னாங்க. எனக்கு எறங்கல.

இப்ப ஆவணி ஆச்சு. நாலு மாசம். மொதலாளி போன் பண்ணாம இல்ல, அதையும் சொல்லணும். பொய் சொல்லக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அடிக்காரு. மகளுக்கு நிச்சயதார்த்தம், நீரு இல்லாம எப்பிடின்னு அடிச்சாரு. எனக்குச் சளி பிடிச்சிருக்குன்னு யாரோ சொல்லி, அதுக்கு அடிச்சாரு. சும்மா வந்து உக்காரும்வே, பேச்சுத் தொணைக்கு ஆள் இல்லன்னு அடிச்சாரு. அந்தப் பிள்ளயும் ஒரு நாள் அடிச்சுது. 'அண்ணே, நீங்க வராதது ஒரு மாதிரியா இருக்கு, நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க'ன்னு. சரிம்மான்னு வச்சுட்டேன்.

ஒவ்வொரு தடவையும் ஓடிப்போயி எடுக்கேன் அண்ணாச்சி. சோத்துக் கையோட எடுக்கேன். ஒரே ஒரு தடவை, மெஷின் ஓடலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்னா, எலின்னதையும் மறந்துருவேன், பெரிய டாக்டருன்னதையும் மறந்துருவேன், இந்தச் சட்டையோட ஓடிருவேன். சொல்ல மாட்டேங்காரே. நல்லா இருக்கீராங்காரு, சாப்பிட்டீராங்காரு, அதோட வச்சிருதாரு.

சரி, என் கதை எதுக்கு. உங்க மெஷினைச் சொல்லுங்க அண்ணாச்சி. அடிக்கடி நிக்குமா?